விண்டோஸ் 11, லினக்ஸ், மேக்: வேலூர்ப் பக்கத்து வீட்டுக்கும் கடைக்கும் எது பொருந்தும்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. அதற்குப் பிறகு காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு, குடியாத்தம் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "நாலாம் தலைமுறை ஐ3 இருக்கு, நல்லாத்தான் ஓடுது. புதுசு வாங்கணுமா, லினக்ஸ் போட்டுக்கலாமா?" கூடவே மாணவர்கள் கேட்பது: "லினக்ஸ்ல ஜன்னலை இழுத்தா ஆடுது, திரையே கனசதுரமா சுத்துது. அது என் லேப்டாப்ல வருமா?"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். முதல் கேள்விக்கான பதில் நீங்கள் விட முடியாத மென்பொருளில் இருக்கிறது. இரண்டாவதற்கான பதில் உங்கள் கிராபிக்ஸ் சிப்பில் இருக்கிறது. விலையையும் அழகையும் வைத்து முதலில் முடிவெடுத்துவிட்டு, பிறகு பிரிண்டர் ஓடவில்லை என்று தலையில் கை வைப்பவர்கள்தான் அதிகம். ஆகவே அளவுகோல்களை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம்.

## எதை வைத்து எடை போடுவது

விட முடியாத மென்பொருள். டேலி, கோரல்டிரா, போட்டோஷாப், ஆட்டோகேட், ஆம்பூர் வாணியம்பாடி அச்சகங்களில் உருதுக்கு இன்பேஜ், காலணி நிறுவனங்களின் பேட்டர்ன் மென்பொருள். இவற்றில் ஒன்று உங்களுக்குச் சோறு போடுகிறதென்றால் அந்த ஒன்றே முடிவைச் சொல்லிவிடும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்கும் ஒயின் என்ற நிரல் வழியாக ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். இன்று ஓடுவது அடுத்த பதிப்பில் நின்றுவிடலாம். பொழுதுபோக்குக்கு அது சரி, மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு போடுகிற சிஸ்டத்துக்குச் சரிவராது.

செருகும் சாதனங்கள். பிரிண்டர், ஸ்கேனர், ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், வைஃபை.

கிராபிக்ஸ் சிப்பும் ரேமும். காட்சி விளைவுகள் இதைப் பொறுத்தவை.

மொழி. தமிழ் 99 விசைப்பலகை, பழைய எழுத்துரு ஆவணங்கள், நம் வட்டாரத்தில் உருதும் தெலுங்கும்.

மூன்று வருட மொத்தச் செலவு. வாங்கும் நாளின் விலை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும்.

பழுதானால் யார் பார்ப்பார்? ஊரில் எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும் விண்டோஸ் தெரியும். லினக்ஸ் தெரிந்தவரைத் தேட வேண்டும். விஐடி மாதிரியான கல்லூரி மாணவர் ஒருவர் வீட்டில் இருந்தால் இந்தக் கவலை பாதியாகும்.

## காட்சி விளைவுகள் எப்படி வேலை செய்கின்றன

ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் 2001-இல் வந்தபோதே ஜன்னல் சுருங்கிக் கீழே போகும் ஜீனி விளைவு அதில் இருந்தது. லினக்ஸில் காட்சி விளைவுகளைத் தரும் காம்பிஸ் என்ற நிரல் 2006-இல் வந்தது. சுழலும் கனசதுரமும் ஆடும் ஜன்னலும் இலவச மேசைத்தளத்தில் ஓடத் தொடங்கிய பிறகுதான், 2007 ஜனவரியில், விண்டோஸ் விஸ்டாவின் ஏரோ தோற்றம் கடைகளுக்கு வந்தது. பணம் கொடுத்தால்தான் அழகு கிடைக்கும் என்ற எண்ணம் அப்போதே பொய்த்துவிட்டது.

மூன்றிலும் செயல்முறை ஒன்றுதான். ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனிப் படமாக நினைவகத்தில் வரையப்படும். கம்போசிட்டர் என்ற நிரல் அந்தப் படங்களைக் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுத்து, வளைத்து, மங்கலாக்கி, அடுக்கித் திரைக்கு அனுப்பும். 1920×1080 அளவுள்ள ஒரு முழுத்திரை ஜன்னலுக்கு, புள்ளிக்கு 4 பைட் வீதம், சுமார் 8 எம்பி வேண்டும். பத்து ஜன்னலுக்கு 80 எம்பி. இன்றைய கணக்கில் அது ஒன்றுமில்லை.

சிக்கல் இடத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத இன்டெல் சிஸ்டங்களில் ரேமையே கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்கிறது. ஒரே ஒரு ரேம் குச்சி மட்டும் போட்டிருந்தால் தரவு போய்வரும் பாதையில் பாதி அடைந்துவிடும். அதனால் 8 ஜிபி குச்சி ஒன்றைவிட 4 ஜிபி குச்சிகள் இரண்டு போட்டால் விளைவுகள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வழுவழுப்பாக ஓடும்.

விளைவுகளுக்குள்ளும் பாரம் ஒன்றல்ல. ஜன்னல் ஆடுவது மிக லேசானது. பின்னணியை மங்கலாக்கும் கண்ணாடி விளைவுதான் கனமானது, ஏனென்றால் ஒரே பகுதியைச் சிப் திரும்பத் திரும்பப் படித்துக் கலக்க வேண்டியிருக்கிறது. பழைய லேப்டாப்பில் முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது இந்த வித்தியாசம் விசிறிச் சத்தத்திலேயே தெரியும்.

## விண்டோஸ் 11

முறையாகப் போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் கிளம்பவிடும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ வேண்டும். 4 ஜிபி என்பது பேச்சுக்குத்தான். பிரவுசரைத் திறந்தவுடன் மூச்சு முட்டும். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் (ஹார்டுடிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) இல்லாமல் போடாதீர்கள்.

நிபந்தனைகளைத் தாண்டி, நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற நிரல் வழியாகப் பழைய சிஸ்டத்திலும் போட்டுத் தருகிறார்கள். ஓடும். ஆனால் அத்தகைய சிஸ்டத்துக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புக்கு மறுபடியும் குறுக்குவழி தேட வேண்டும். கோர் 2 டுயோ காலத்து சிஸ்டங்களில் 24எச்2 பதிப்பு கிளம்பவே கிளம்பாது. அதற்குத் தேவையான கட்டளைகள் அந்தப் பிராசசரிலேயே இல்லை.

காட்சி விளைவுகளில் உங்கள் கைக்கு இருக்கும் சுதந்திரம் குறைவு. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் ஒளிபுகு தன்மையையும் அசைவையும் அணைக்கலாம், அவ்வளவுதான். கம்போசிட்டரையே அணைக்கும் வசதி விண்டோஸ் 8-ஓடு போய்விட்டது. பழைய பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ் பட்டியலில் "சிறந்த வேகம்" என்பதைத் தேர்ந்தால் எழுத்தின் ஓரங்களை மழுங்கவைக்கும் வசதியும் சேர்ந்து அணைந்துவிடும். தமிழ் எழுத்துகள் முள்முள்ளாகத் தெரியும். அந்த ஒரு பெட்டியை மட்டும் மறுபடி டிக் செய்துகொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு உரிமத்தில் இருக்கிறது. தனியாக வாங்கினால் ஹோம் பதிப்பே பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். இணையத்தில் ஐநூறுக்கு விற்கும் கீக்கள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை, என்றைக்கு வேண்டுமானாலும் செல்லாமல் போகலாம். கிராக் போட்ட விண்டோஸைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறார்கள் அல்லவா, அந்த நிமிடத்தில் உள்ளே என்ன நுழைகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. வங்கி வேலை செய்யும் சிஸ்டத்தில் அது வேண்டவே வேண்டாம்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழ் இருந்தும் விண்டோஸை விட முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை புதுப்பிப்பு வரும். அதற்குள் புது சிஸ்டத்துக்குக் காசு சேர்த்துக்கொள்ளலாம்.

## லினக்ஸ் மின்ட்

பழைய சிஸ்டத்துக்கு லினக்ஸ் என்று முடிவானால் நான் முதலில் சொல்வது இதைத்தான். மின்ட் 22 வரிசை, உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை ஆதரவு உண்டு. மூன்று முகங்களில் (மேசைத்தளங்களில்) வருகிறது: சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ.

எக்ஸ்எஃப்சிஇ மிக லேசானது. சும்மா இருக்கும்போது ஒரு ஜிபி ரேமை ஒட்டித்தான் எடுக்கும். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அந்தக் காலத்து லேப்டாப் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால், ரேமை 4 ஜிபிக்கு மேல் ஏற்றி, ஹார்டுடிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, எக்ஸ்எஃப்சிஇ ஏற்றுங்கள். பிள்ளைகளின் பாடத்துக்கும் பிரவுசருக்கும் தாராளமாக ஆகும். எஸ்எஸ்டி போடாமல் லினக்ஸ் மட்டும் மாற்றினால் கிடைக்கும் வேகம் ஏமாற்றமாகவே இருக்கும். 32 பிட் பிராசசர் உள்ள குட்டி நெட்புக் என்றால் செலவே செய்யாதீர்கள்.

எக்ஸ்எஃப்சிஇயின் சொந்தக் கம்போசிட்டரில் நிழலும் ஒளிபுகு தன்மையும்தான் உண்டு. கனசதுரம் வேண்டுமென்றால் மேட் பதிப்புக்குப் போய், டெஸ்க்டாப் செட்டிங்ஸில் விண்டோ மேனேஜராகக் காம்பிஸைத் தேர்ந்தெடுங்கள். பழைய இன்டெல் சிப்களிலும் அது ஓடும். மூன்று இடங்களில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்:

- கனசதுரத்துக்குப் பதில் இரண்டு பக்கமுள்ள தட்டு சுழலும். காம்பிஸ் செட்டிங்ஸின் ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெஸ்க்டாப் சைஸுக்குள் கிடைமட்ட எண்ணிக்கையை 4 ஆக்க வேண்டும். டெஸ்க்டாப் வால் செருகியும் (பிளகின்) கனசதுரமும் ஒன்றாக ஓடாது, முன்னதை அணையுங்கள்.
- ஜன்னல்களின் தலைப்பட்டை காணாமல் போய்விடும், மூடவும் முடியாது நகர்த்தவும் முடியாது. விண்டோ டெகரேஷன் செருகி அணைந்திருக்கும். அதை டிக் செய்தால் உடனே திரும்பும்.
- வீடியோவில் படம் குறுக்கே கிழிந்த மாதிரி தெரியும். திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு ஒத்திசைக்கும் சிங்க் டு விபிளாங்க் வசதியை இயக்குங்கள்.

சின்னமன் பார்வைக்கு விண்டோஸ் 7 மாதிரி இருப்பதால் பெரியவர்களுக்குக் கை பழகச் சிரமமில்லை. 8 ஜிபி ரேம் இருந்தால் இதையே எடுங்கள்.

## கேடிஇ பிளாஸ்மா

காட்சி விளைவுகளுக்காகவே லினக்ஸுக்கு வருகிறவருக்கு இந்த மேசைத்தளம்தான் இடம். ஆடும் ஜன்னல், விளக்கிலிருந்து பூதம் வருவது போன்ற மேஜிக் லாம்ப், மங்கல், கனசதுரம் எல்லாம் சிஸ்டம் செட்டிங்ஸின் டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ் பக்கத்தில் டிக் அடித்தால் போதும். அசைவின் வேகத்துக்குத் தனி இழுப்பான் இருக்கிறது. அதை ஒரு படி வேகப்படுத்தினாலே மொத்த சிஸ்டமும் சுறுசுறுப்பானதாகத் தோன்றும்.

பதிப்பை மட்டும் கவனியுங்கள். கனசதுரம் 5.23-இல் நீக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் வந்த 6.0-இல்தான் திரும்பியது. பிளாஸ்மாவோடு வரும் உபுண்டு வகையான குபுண்டு 24.04-இல் இருப்பது 5.27, எவ்வளவு தேடினாலும் அதில் கனசதுரம் கிடைக்காது. 2025 ஆகஸ்டில் வந்த, இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 13-இல் பிளாஸ்மா 6.3 இருக்கிறது. மெய்நிகர் மேசைத்தளங்களை நான்காக வைத்துக்கொண்டு, விண்டோஸ் விசையோடு சி-யை அழுத்துங்கள்.

தடங்கல் வருவது பெரும்பாலும் என்விடியா கிராபிக்ஸ் அட்டைகளில். ஃபெர்மி என்ற பழைய தலைமுறை அட்டைகளுக்கான 390 டிரைவருக்கு 2022-ஓடு ஆதரவு முடிந்தது. ஜிடி 710 மாதிரியான அட்டைகளுக்கான 470 டிரைவரும் 2024-இல் நின்றது. பழைய என்விடியா அட்டையும் பிராசசருக்குள் இன்டெல் கிராபிக்ஸும் இருக்கும் டெஸ்க்டாப்பில், அட்டையைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் பல நேரம் பிளாஸ்மா இன்னும் நன்றாக ஓடும். நம்பச் சிரமமாக இருக்கும், செய்து பாருங்கள்.

குனோம் என்ற இன்னொரு லினக்ஸ் மேசைத்தளத்தைப் பற்றிச் சுருக்கமாக: சீரானது, டச் லேப்டாப்புக்கு நல்லது. ஆனால் ஆடும் ஜன்னல், கனசதுரம் எல்லாமே வெளியார் எழுதிய எக்ஸ்டென்ஷன்கள். ஆறு மாதத்துக்கொருமுறை குனோம் பதிப்பு மாறும்போது அவை உடைந்து, எழுதியவர் சரிசெய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

## மேக்

விளைவுகள் மிகக் கவனமாகச் செதுக்கப்பட்டவை, திணறல் இருக்காது. தமிழ் 99-உம் அஞ்சலும் உள்ளேயே உண்டு. எம்4 மேக் மினி 16 ஜிபி ரேமோடு 59,900 ரூபாய்க்கு வெளியானது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனி. 2025-இல் வந்த மேக் ஓஎஸ் டஹோ பதிப்பின் திரவக் கண்ணாடித் தோற்றம் சிலருக்குப் படிக்கச் சிரமம் தருகிறது, ஒளிபுகு தன்மையைக் குறைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. இன்டெல் மேக்குகளுக்கு டஹோவே கடைசி, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று அவற்றை வாங்காதீர்கள். பிறகு ரேமை ஏற்ற முடியாது என்பதையும் வாங்கும்போதே கணக்கில் வையுங்கள். வீடியோ எடிட்டிங், இசை என்று தொழில் இருப்பவருக்கு இந்தக் காசு வீணாகாது. டேலி மட்டும் பார்க்கிறவருக்கு வீண்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | விண்டோஸ் 11 | மின்ட் | பிளாஸ்மா 6 | மேக் |
|---|---|---|---|---|
| பழைய சிஸ்டம் | எட்டாம் தலைமுறை முதல் | 4 ஜிபி போதும் | 8 ஜிபி நல்லது | புதிதாக வாங்க வேண்டும் |
| டேலி, கோரல் | இரண்டும் உண்டு | இல்லை | இல்லை | கோரல் மட்டும் |
| காட்சி விளைவு | குறைவு, அதிகம் மாற்ற முடியாது | மேட்டில் காம்பிஸ் | மிக அதிகம் | அழகு, மாற்ற முடியாது |
| உரிமச் செலவு | உண்டு | இல்லை | இல்லை | கருவி விலையில் அடக்கம் |
| ஊரில் சர்வீஸ் | எங்கும் | தேட வேண்டும் | தேட வேண்டும் | குறைவு |

## இலவசத்துக்குள் ஒளிந்திருக்கும் செலவு

பிரிண்டர். லினக்ஸில் எச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு வழியாகத் தானாக ஓடும். ஆனால் ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் உழைக்கும் லேசர்ஜெட் 1020-க்கு, ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் அதன் உள்நிரலைக் கணினிதான் ஏற்றித் தர வேண்டும். எச்பிலிப்பின் பிளகினைத் தனியாக நிறுவாவிட்டால், பிரிண்டர் பட்டியலில் தெரியும், பேப்பர் மட்டும் வராது. கேனன் எல்பிபி 2900 அதைவிடப் பிடிவாதம், அதை நம்பித் தொழில் செய்பவர் லினக்ஸுக்கு மாறும் முன் இரண்டு முறை யோசிக்கவும். எப்சன் எல் வரிசை டாங்க் பிரிண்டர்களுக்கு நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறது.

வைஃபை. பழைய டெல், எச்பி லேப்டாப்களில் பிராட்காம் சிப் இருந்தால் நிறுவியவுடன் நெட் வராது. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். போனை யூஎஸ்பியில் செருகி, அதன் நெட்டைக் கணினிக்குத் தரும் டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் முடிச்சு அவிழும்.

தமிழ் ஆவணங்கள். வேர்டில் லதாவிலோ நிர்மலாவிலோ அடித்த மனு, அந்த எழுத்துரு இல்லாத லினக்ஸில் லிபர் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்தால் வரி உடைந்து ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கமாகும். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களின் கோப்பை லினக்ஸிலும் நிறுவலாம், பழைய அழைப்பிதழ் அப்படியே தெரியும். தமிழ் 99 தட்ட ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு நிரல் போதும். உருதுக்கு நோட்டோ நஸ்தலீக் எழுத்துரு இருக்கிறது, ஆனால் இன்பேஜில் சேர்த்துவைத்த பழைய கோப்புகளை அது திறக்காது.

டூயல் பூட். ஒரே சிஸ்டத்தில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது நல்ல யோசனைதான், வரிசை தப்பக் கூடாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முதலில் அணையுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் டிரைவ்களை லினக்ஸ் படிக்கும், எழுதாது. டிஸ்கில் உள்ளதை மறையாக்கிப் பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த பிறகே பார்ட்டிஷனில் கை வையுங்கள். விண்டோஸ் 11 புது லேப்டாப்களில் இது பெரும்பாலும் தானாகவே இயங்கியிருக்கும். எல்லாம் முடிந்தபின் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் பயப்பட வேண்டாம். வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் தகராறு அது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் தவறான நேரத்தால் சில வங்கித் தளங்கள் திறக்காது.

கரண்ட் கட். புதுப்பிப்பு நடுவே மின்சாரம் போனால் லினக்ஸில் பொதிகள் பாதியில் நிற்கும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் மின்ட்டில் சிஸ்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்ட்டை முதல் நாளே இயக்கி வையுங்கள், முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

## யாருக்கு எது

இ-சேவை, பொதுச் சேவை மையம் நடத்துபவர், டேலி வைத்திருக்கும் மளிகை மொத்தக்கடை, நிறுவனமாகப் பதிந்து டோக்கனில் கையொப்பமிடுபவர்: விண்டோஸ் 11, உரிமத்தோடு. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஆட்டோகேட் பார்ப்பவருக்கும் அதுவே.

நாலு சிஸ்டம் உள்ள கடைக்கு நான்கிலும் விண்டோஸ் தேவையில்லை. டேலிக்கு ஒன்றை மட்டும் விண்டோஸாக வைத்துக்கொண்டு, பிரவுசரும் கடிதமும் மட்டும் பார்க்கும் மற்ற மூன்றையும் மின்ட்டுக்கு மாற்றலாம். மிச்சமாகும் உரிமப் பணத்தில் மூன்றுக்கும் எஸ்எஸ்டி போட்டுவிடலாம்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு, ஓய்வு பெற்றவர், நிரலாக்கம் படிக்கும் மாணவர்: மின்ட். கணினியைத் திருப்பித் திருப்பி அழகு பார்க்க ஆசைப்படும் மாணவருக்கு, இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் இருந்தால், பிளாஸ்மா. கல்லூரியின் ஆன்லைன் தேர்வு மென்பொருள் விண்டோஸ் கேட்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள், கேட்டால் டூயல் பூட்.

## போடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, எஃப்12 அழுத்தி அதிலிருந்தே கிளப்புங்கள் (எச்பியில் எஃப்9). எதையும் நிறுவாமலே முழு மேசைத்தளமும் வரும். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, ஹெட்போனில் சத்தம் வருகிறதா, 1080பி வீடியோ திக்காமல் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கடைசியாக சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து கிராபிக்ஸ் வரியைப் படியுங்கள். அங்கே உங்கள் சிப்பின் பெயர் இருந்தால் விளைவுகள் ஓடும். எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கிராபிக்ஸ் சிப் வேலையே செய்யவில்லை, படம் முழுவதையும் பிராசசர் வரைந்துகொண்டிருக்கிறது. டிரைவரைச் சரிசெய்யும்வரை எந்த விளைவையும் இயக்க வேண்டாம், அந்த டிரைவர் கிடைக்காத அட்டை என்றால் எக்ஸ்எஃப்சிஇயில் கம்போசிட்டரையும் அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.